எலுமிச்சம்பழம் உருளாத இடம்

இதற்கு முன்பு இது
ஊர் ஊராய்ப் போய்ப் பணம் கக்கிய வண்டி.
வங்கி கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்து
தேவகோட்டை ரஸ்தாவில் சகாயராஜ் பட்டறையில் விட்டோம்.
இயந்திரத்தைப் பிடுங்கிய இடத்தில்
சதுரமாய் ஓர் ஓட்டை.
"தகடு வச்சு அடைச்சிரவாக்கா?"
வேண்டாம், அதுதான் அடுப்படிச் சன்னல் என்றேன்.

வீட்டில் சன்னலுக்கா பஞ்சம்?
எண்பத்தாறு. எண்ணியிருக்கிறேன்.
எங்கள் பங்குக்கு இரண்டு.
பதினோரு பங்காளிக்கும் வளவு ஒன்று.
சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்
ஈப்போவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும்,
அங்கே விடிந்திருக்கவும் வேண்டும்.
வண்டிக்குள் நான் பதினேழு ஆணி அடித்தேன்
யாரையும் கேட்காமல்.
அதில் மூன்று எதற்கென்று எனக்கே தெரியாது.

கரண்டு பில்லின் முதுகில் திட்டம் வளர்ந்தது.
தண்ணீர் அறுபது லிட்டர்.
"கண்மாய்க்குப் போறதுக்கு எதுக்குத் தண்ணி?" என்றார் இவர்.
குளிக்க அது, குடிக்க இது.
பாத்திரம் கழுவ எது என்பதில்
ஒரு சாயங்காலம் போயிற்று.
கக்கூஸ் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டோம்.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் போய் இடம் பார்த்தோம்.
கலுங்குக்கு மேற்கே கரை அகலும் இடத்தில்
தண்ணீருக்குள் பாதிக் காலை நீட்டிய மருதமரம்.
வண்டி திரும்புமா என்று
இவர் காலடி வைத்து அளந்தார்.
என்னைப் பெண் பார்க்க வந்தபோது
இந்தக் கவனத்தில் கால்வாசி இல்லை.
வழியெல்லாம் சீமைக்கருவேல முள்.
ஸ்டெப்னி 1 என்பதை
2 என்று திருத்தினேன்.

மீன் குத்தகை கருத்தக்கண்ணு
வலை உதறிக்கொண்டே கேட்டார்:
"ராத்திரி இங்க என்ன வேலை?"
சும்மா இருக்கத்தான்.
"சும்மாவா?"
அந்தச் சொல்தான் அவரை உறுத்தியது.
தண்ணீர் ஓரம் ராத்திரியில் சும்மா இருப்பவன்
மீன் திருடன் மட்டும்தானாம்.
பேசிப் பேசி இப்படி முடிந்தது:
தூண்டில் கொண்டுவரக் கூடாது.
விடியுமுன் அவர் வலை இழுக்கும்போது
எங்கள் வண்டி வெளிச்சம் போட வேண்டும்.
பேட்டரிக்கு எதிரே குறித்துக்கொண்டேன்.

பூசைக்கு வாங்கிய எலுமிச்சையில்
சக்கரங்களுக்கு நான்கு போக
ஒன்றைத் தேனு எடுத்து வைத்துக்கொண்டாள்.
வண்டி மட்டமாய் நிற்காவிட்டால்
தூக்கத்தில் ரத்தம் தலைக்கு ஏறுமாம்.
தரையில் பழத்தை வைத்துப் பார்ப்பாள்,
உருளாத இடம்தான் படுக்கிற இடம்.
பட்டறையில் உருண்டது.
தெருவில் உருண்டது.
ஊரணிப் பக்கம் யோசித்துவிட்டு உருண்டது.
சோதித்துப் பார்க்க
வீட்டு வளவின் பளிங்கில் வைத்தாள்.
மெல்ல, மிக மெல்ல,
ஏழாம் பங்கின் கதவுவரை போய் நின்றது.
மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
இது ஈப்போவுக்குத் தெரிய வேண்டாம்.

ஐப்பசி ஏமாற்றி
கார்த்திகையில்தான் கண்மாய் பெருகியது.
கிளம்புவதற்கு முந்தின இரவு
வாசலிலேயே வண்டியில் படுத்து ஒத்திகை பார்த்தோம்.
இவர் திரும்பினால் தேனு உருண்டாள்,
தேனு உருண்டால் கரண்டிகள் பேசின.
பதினொன்றரை இருக்கும்.
சதுர ஓட்டையில் ஒரு முகம்,
முகத்துக்கு முன்னே நீட்டிய அட்டை.
"ஐநூறு வருமா?"

இல்லீங்க, இது கண்மாய்க்குப் போற வண்டி
என்றேன் போர்வைக்குள்ளிருந்து.
அவர் அட்டையைத் துடைத்துப் பையில் வைத்தார்.
"நாளைக்கு வருமா?"

அவர் செருப்புச் சத்தம் முனை திரும்பியதும்
இவர் எழுந்து விளக்கைப் போட்டு
பேனாவைத் தேடி
கடைசி வரியில் எழுதினார்:
சன்னலுக்குத் திரை.

பூப்போட்டது வேண்டாம் என்றேன்.